கற்பிப்போரைக் கற்பித்த வரலாறு

மனவளர்ச்சி குன்றியோர் என அந்நாளில் அழைக்கப்பட்ட பிள்ளைகளுக்கெனச் சென்னையில் 1953-இல் பால விகார் தோன்றியபோது, அவர்தம் ஆசிரியரைப் பயிற்றுவிக்கத் தேசிய நிறுவனம் ஏதும் இல்லை. செகந்திராபாத்தில் அது எழுந்தது 1984-இல். 1988-இல் நம் பூவிருந்தவல்லிக்கு வந்த மண்டல மையமோ பார்வையற்றோர் பணிக்குரியது.

1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம், பதிவு பெறாதோர் இத்தொழில் புரிந்தால் ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றது. தகுதியற்றோர் கையில் பிள்ளைகள் சிக்காதிருக்க இது வேண்டியதே என்போம். ஆயின் பதிவு பெற்றவரின் ஊதியம் யாது, அவர் சோர்ந்தால் தாங்குவோர் யார்? சட்டம் இதைப் பேசவில்லை. உணவூட்டி உடை மாற்றும் பராமரிப்பாளரும் பயிற்சிக்குரியவரே என்னும் எண்ணம் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திற்குப் பின்னரே வலுப்பெற்றது.