வடிவம் எவருக்கு உரியது?

மதுக்கரையில் நம்மிடம் சில ஆண்டுகள் அரபு பயின்ற மாணவர் ஒருவர், கோவைக் கடைவீதியில் வாங்கிய மின்கிதார் ஒன்றை எடுத்துவந்து நம் முன்னே வைத்தார். பெயர்பெற்ற அமெரிக்கக் கிதார் ஒன்றின் படத்தையும் காட்டினார். இரண்டின் உடலும் ஒரே வார்ப்பு. தலைப்பகுதியில் பொறித்திருந்த பெயர் மட்டும் வேறு. “ஹஜ்ரத், பெயரைத் திருடவில்லை, உடலை மட்டும் எடுத்திருக்கிறார்கள். இதை விற்பதும் வாங்குவதும் குற்றமாகுமா?” என்று கேட்டார்.

இசைக்கருவிகளின் ஆகுமை, ஆகாமை பற்றி பிக்ஹு அறிஞர்களிடையே நிலவும் நெடிய கருத்து வேறுபாடு ஈண்டு நம் பொருளன்று. ஒரு பொருளின் உருவம் ஒருவருக்கே உடைமையாகுமா என்பதே வினா. அதற்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. தேடிப் பார்த்தபோது, அவ்வினாவைப் பற்றி உலகின் நீதிமன்றங்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக வழக்காடி வருவதை அறிந்தோம்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அரபு மொழியில் ‘ஊத்’ என்றால் மரக்கட்டை. அதுவே ஒரு நரம்புக் கருவிக்கும் பெயராயிற்று. ‘அல்ஊத்’ என்ற அச்சொல்லே ஐரோப்பாவில் திரிந்து ‘லூட்’ ஆயிற்று என்பது மொழிநூலார் முடிபு. கி.பி. 822-ஆம் ஆண்டளவில் பக்தாதின் இசை மரபைக் குர்துபாவுக்குக் கொண்டுசென்றவர் ஸிர்யாப். அவர் ஊதில் ஐந்தாவது நரம்பைச் சேர்த்தார் என்றும், மரத்தால் ஆன மீட்டுகோலுக்கு மாற்றாகக் கழுகின் இறகைக் கையாண்டார் என்றும் வரலாற்றாசிரியர் அல்மக்கரி எழுதுகிறார். கி.பி. 950-இல் மறைந்த அல்ஃபாராபி தம் ‘கிதாபுல் மூஸீகல் கபீர்’ என்னும் பெருநூலில் இக்கருவியின் நரம்புகளையும் சுருதிகளையும் கணித முறையில் ஆராய்ந்தார். ஸிர்யாபோ அவர்தம் வழிவந்தோரோ, ‘இவ்வுருவம் எமக்கே உரியது’ என்று வழக்காடியதாக நாம் எங்கும் படிக்கவில்லை.

இடை சிறுத்த கிதாரின் கதையும் அத்தகையதே. இன்று நாம் காணும் செவ்வியல் கிதாரின் உடலளவையும் உள்ளமைப்பையும் நிலைநிறுத்தியவர் அந்தோனியோ தே தோர்ரெஸ் (1817-1892). அவர் பிறந்த ஊர் அந்தலூசியாவின் அல்மரிய்யா. அவர் வகுத்த வடிவை உலகம் முழுதும் பின்பற்றியது. அவருடைய கருவியை இனங்காட்டியது அதனுள்ளே ஒட்டப்பட்ட பெயர்ச்சீட்டு. உருவம் எல்லோர்க்கும் பொதுவாயிற்று.

இதில் ஒரு நுட்பம் உண்டு. உள்ளீடற்ற கருவியில் உடலின் உருவமே ஒலியைப் பிறப்பிக்கிறது. வயிறு பெருத்தால் ஒரு நாதம், சிறுத்தால் ஒரு நாதம். ஆகவே நல்ல நாதம் வேண்டுவோர் நல்ல வடிவைப் பின்பற்றியே ஆகவேண்டும். மின்கிதாரோ திண்ணிய மரப்பலகையால் ஆனது. கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருள் வாங்கி மின்குறிப்பாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. அங்கே உடலை எவ்வுருவிலும் அறுக்கலாம். ஒலியின் கட்டிலிருந்து விடுபட்ட உருவம், கருவிக்கு ஒரு முகம் ஆயிற்று. முகமானவுடன் அதை உடைமையாக்கும் எண்ணமும் பிறந்தது.

கிப்சன் நிறுவனம் 1952-இல் ‘லெஸ் பால்’ என்னும் கிதாரையும், 1958-இல் அம்புமுனை போன்ற ‘ஃப்ளையிங் வி’யையும் வெளியிட்டது. ஃபெண்டர் நிறுவனத்தின் ‘ஸ்ட்ராட்டோகாஸ்டர்’ 1954-இல் வந்தது. இவற்றைப் பார்த்துப் பிறர் செய்த கருவிகள் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெருகின. 1977-இல் கிப்சனின் அந்நாளைய உடைமை நிறுவனமான நார்லின், ‘இபனேஸ்’ கிதார்களை அமெரிக்காவில் விற்ற எல்கர் நிறுவனத்தின் மீது தலைப்பகுதியின் உருவத்தை முன்னிட்டு வழக்குத் தொடுத்தது. தீர்ப்பு வருமுன் அது சமரசமாயிற்று.

2000-இல் பால் ரீட் ஸ்மித்தின் நிறுவனம் ஒருபுறம் மட்டும் வெட்டப்பட்ட தோளுடைய கிதாரை வெளியிட, கிப்சன் வழக்காடியது. 2004-இல் கீழ்நீதிமன்றம் அதன் உற்பத்திக்குத் தடை விதித்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. கடையில் வாங்குவோர் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை என்பதைக் கிப்சனே ஒப்புக்கொண்டிருந்தது. புகை சூழ்ந்த மதுக்கூடத்தில் தொலைவிலிருந்து பார்ப்பவர் மயங்கக்கூடும் என்ற வாதமே எஞ்சியது. அது போதாது என்றனர் நீதிபதிகள்.

ஃபெண்டரின் கதை இன்னும் தெளிவானது. 1950-களின் உடல்வடிவங்கள் மூன்றை வணிகக் குறியாகப் பதிவு செய்யுமாறு அந்நிறுவனம் விண்ணப்பித்தது 2003-இல்தான். பதினேழு கருவியாளர்கள் எதிர்த்து நின்றனர். 2009-இல் அமெரிக்க வணிகக்குறி வாரியம் விண்ணப்பங்களை மறுத்தது. பற்பல ஆண்டுகளாகப் பலரும் செய்து விற்ற அவ்வுருவங்கள் ஒருவரைச் சுட்டும் ஆற்றலை இழந்து பொதுவாகிவிட்டன என்பது காரணம். 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றமும் ‘வி’ வடிவத்தைப் பற்றி அதனை ஒத்ததொரு முடிவுக்கு வந்தது. 1958-இல் அது புதுமையாய் இருந்திருக்கலாம். விண்ணப்பம் வந்த 2010-க்குள் சந்தையில் உள்ள பல வடிவங்களுள் ஒன்றாகிவிட்டது என்றது.

இவற்றைப் படித்தபோது நம் நினைவுக்கு வந்தது உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’ என்னும் சட்டநூல். அதன் முகப்பிலுள்ள பொதுவிதிகளுள் 67-ஆவது, மௌனமாய் இருந்தவர் மீது ஒரு சொல்லை ஏற்றிக் கூறலாகாது என்கிறது. பேசியே தீரவேண்டிய இடத்தில் மௌனம் சாதித்தால் அது பேச்சாகவே கொள்ளப்படும் என்று உடனே விலக்கும் வகுக்கிறது. அண்டை வீட்டார் தம் நிலத்தில் சுவர் எழுப்புவதை ஐம்பதாண்டுகள் பார்த்திருந்துவிட்டுப் பின்னர் இடிக்கச் சொல்பவரின் நிலை எதுவோ, அதுவே ஃபெண்டரின் நிலையும்.

ஆயினும் எல்லா வழக்கும் ஒரே வழியில் முடிவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ‘டீன்’ கிதார்களின் உரிமையாளரான அர்மடில்லோ நிறுவனத்தின் மீது கிப்சன் 2019-இல் டெக்சாஸில் தொடுத்த வழக்கில், 2022-இல் நடுவர்குழு கிப்சனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பிறர் 1992-க்கு முன்பே இவ்வடிவங்களைச் செய்து வந்தமைக்கான சான்றுகளை விலக்கியது தவறு என்று கூறி, 2024-இல் மேல்நீதிமன்றம் மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. 2025-இல் அச்சான்றுகளையும் கேட்ட நடுவர்குழு, ‘வி’ உள்ளிட்ட சில வடிவங்களில் கிப்சனின் உரிமையை ஏற்றது, ‘இ.எஸ்.’ என்னும் வடிவம் பொதுவாகிவிட்டது என்றது. ஐரோப்பாவில் நிலைக்காத ‘வி’, டெக்சாஸில் நிலைத்தது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. வாங்குவோர் மனத்தில் அவ்வுருவம் ஒருவரைச் சுட்டுகிறதா, பலரைச் சுட்டுகிறதா என்ற அடிப்படை வினா மட்டும் எங்கும் ஒன்றே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1999-இல் இயற்றப்பட்ட இரு சட்டங்கள் 2003 செப்டம்பர் 15 என்னும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. ஒன்று வணிகக்குறிச் சட்டம். அது பொருளின் வடிவத்தையும் குறியாக ஏற்கிறது. ஆனால் பொருளின் இயல்பால் அமைந்த வடிவம், பயன் கருதித் தவிர்க்கவியலாத வடிவம், பொருளுக்கு மதிப்பையே தரும் வடிவம் ஆகியவற்றைப் பதிய மறுக்கிறது. மற்றொன்று புவிசார் குறியீட்டுச் சட்டம். வணிகக்குறி ஒரு நிறுவனத்தின் சொத்து. விற்கலாம், மாற்றித் தரலாம். புவிசார் குறியீட்டையோ விற்கவும் இயலாது, அடகு வைக்கவும் இயலாது. அது ஓர் ஊரின் கைவினைஞர் அனைவர்க்கும் பொது.

தமிழகத்துக் கருவிகள் இவ்விரண்டாம் வழியையே நாடின. பலாமரத்தில் கடையப்பெறும் தஞ்சாவூர் வீணை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் இருபத்துநான்கு மெட்டுகள் கொண்ட அமைப்பு இரகுநாத நாயக்கர் காலத்தில், அதாவது 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது என்பது மரபு. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் 2022-இல் அக்குறியீட்டைப் பெற்றது. ஆச்சா மரத்தில் கடையப்படும் அக்கருவியின் வரலாறு நம் வினாவுக்கு நேரான விடை. கூரிய ஒலியுடைய திமிரி நாதஸ்வரமே முன்னர் வழங்கியது. நாதஸ்வர மேதை டி.என். இராஜரத்தினம் பிள்ளையின் (1898-1956) விருப்பத்திற்கிணங்க, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீண்ட உடலுடைய பாரி நாதஸ்வரத்தைச் செம்மைப்படுத்தினார். கேட்டவர் ஒருவர், செய்தவர் ஒருவர். பயன் பெற்றதோ வாசிப்போர் அனைவரும். ஆந்திரத்தில் பிறந்து, நாச்சியார்கோவிலில் பயின்று, திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா அவர்கள் (1924-1999) தஞ்சைப் பாணியில் புகழ் நாட்டியதும் இக்கருவி மரபு எவர்க்கும் கதவடைக்காததால் அன்றோ!

வேறோர் ஊரார் இதே உருவில் வீணை செய்ய இக்குறியீடு தடையன்று. செய்ததைத் ‘தஞ்சாவூர் வீணை’ என்று பெயரிட்டு விற்பதையே அது தடுக்கிறது. நம் கொங்கு நாட்டவர்க்கு இதை விளக்க வீணை வரை போகவேண்டியதில்லை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கும் இக்குறியீடு உண்டு. மாவாட்டும் கல்லையும் மோட்டாரையும் எவரும் எங்கும் இணைக்கலாம். கோவையின் பெயரை மட்டும் கோவைக்கு வெளியே ஒட்டலாகாது.

இப்போது மாணவருக்கு நாம் தந்த விடையைக் கூறுவோம். பெயர் செய்தவருடையது, அதைக் களவாடுவது வாங்குவோரை ஏமாற்றும் வஞ்சகம். புதிதாய்க் கண்ட வடிவத்துக்குச் சில காலம் தனியுரிமை தருவதும் நியாயமே. நம் வடிவமைப்புச் சட்டம் பத்தாண்டும், புதுப்பித்தால் மேலும் ஐந்தாண்டும் தருகிறது. அதற்கப்பாலும் உருவம் தம் அடையாளமே என்று கொள்வோர், பிறர் செய்யத் தொடங்கும் நாளிலேயே பேசவேண்டும். பேசாமல் இரு தலைமுறை கழிந்தபின், அவ்வுருவால் பிழைக்கும் ஆயிரம் தச்சர்களின் உளியைப் பிடுங்குவது நீதியாகாது.

மாணவர் கிதாரைத் திருப்பி அதன் தலையில் இருந்த பெயரை மீண்டும் படித்தார். “அப்படியானால் இவர்கள் பொய் சொல்லவில்லை, ஹஜ்ரத்” என்றார். “ஆம், தம் பெயரைச் சொல்லியே விற்றிருக்கிறார்கள். இனி அப்பெயருக்கு நன்மதிப்பைத் தேடிக்கொள்வது அவர்கள் கைவேலை” என்றோம்.