கோர்செட்டும் கோணிச் சாக்கும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பெண்ணுடை என்று பேச்செடுத்தால் ஒரு வேடிக்கைக் கதை வந்துவிடும். காலுறை கிடைக்காத பிரிட்டிஷ் பெண்கள் இறைச்சிக் குழம்புக்கு நிறமேற்றும் பொடியைக் கரைத்துக் காலில் பூசிக்கொண்டார்கள்; பின்னங்காலில் தையல் தெரியவேண்டுமே என்று புருவமெழுதும் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டார்கள். மழை வந்தால் போச்சு. நடந்ததுதான். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம் என்பதுதான் தொந்தரவு.

1941 ஜூன் 1-இல் பிரிட்டனில் துணிக்கும் ரேஷன் வந்தது. முதலாண்டு ஆளுக்கு 66 கூப்பன். கம்பளி கவுனுக்கு 11, ஒரு ஜோடி காலுறைக்கு 2. சீமாட்டிக்கும் ஆலைக்காரிக்கும் ஒரே எண்ணிக்கை, ஆகவே சமத்துவம் என்றார்கள். கூப்பன் என்பது வாங்குவதற்கான அனுமதி மட்டுந்தான், காசு தனி. பத்து வருஷம் உழைக்கும் கோட்டுக்கும் ஒரே குளிர்காலத்தில் நைந்துபோகும் கோட்டுக்கும் அதே கூப்பன். பீரோ நிறையத் துணி வைத்திருந்தவளுக்கு அந்த 66 ஒரு பொருட்டா? விலையையும் தரத்தையும் கட்டுப்படுத்திய ‘யுடிலிடி’ உடைகள் ஏழைகளுக்கு ஓரளவு உதவின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1942-இல் மடிப்பு எத்தனை, பொத்தான் எத்தனை என்றுகூட அரசு வரையறுத்தது. உடலின்மீது இத்தனை நுணுக்கமாகக் கணக்கு நடந்துகொண்டிருக்கையில், அழகாயிருப்பது பெண்ணின் யுத்தக் கடமை என்று பத்திரிகைகளும் விளம்பரங்களும் ஓதிக்கொண்டிருந்தன. துணியைப் பிடுங்கிக்கொண்டு அழகைக் கேட்பது!

இடுப்பை இறுக்கும் கோர்செட்டுக்கு எஃகும் ரப்பரும் வேண்டும். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. அதற்குள் மலாயா முழுக்க ஜப்பானியர் கையில். ரப்பர் நின்றது. கோர்செட் தொளதொளத்தது, பெண்கள் புகார் செய்தார்கள். பிரிட்டிஷ் உடை வரலாறு இந்த இடத்தில் கோர்செட்டோடு நின்றுவிடுகிறது. ரப்பர் எங்கிருந்து வந்ததோ அங்கே நாம் போகவேண்டியிருக்கிறது.

வெள்ளைக்காரத் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பெண்களும் விடியுமுன்னே வாளியோடு இறங்கினவர்கள். துணி கடல்வழி வந்த சரக்கு. கப்பல் நின்றதும் துணியும் நின்றது. வாங்க ஆளில்லாத ரப்பரால் கூலியும் நின்றது. இருந்த சேலை கிழிந்தபின் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டார்கள். ஆண்களில் ஏராளம் பேரைச் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு வாரிக்கொண்டு போனார்கள், பாதிப் பேர் திரும்பவில்லை என்று சொல்லுவார்கள். லயத்தில் மிஞ்சியவள் பிள்ளைகளோடும் அந்தச் சாக்கோடும் மிஞ்சினாள். அது அரிப்பெடுக்கும், பேன் பிடிக்கும், நனைந்தால் காயாது. மறைவுக்குக்கூடப் போதாது. இவளுக்குக் கூப்பனும் இல்லை, புகார் சொல்ல ஒரு இலாகாவும் இல்லை.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்தார்கள். வாழைமரம் அச்சடித்த ஜப்பானிய நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். ஒரு சேலைக்கென்று மூன்றரை வருஷமாக எவளாவது முடிந்து வைத்திருந்தால், அதுவும் அன்றைக்கு வெறும் காகிதமானது.