பொன்னி அரிசியும் பொருந்தாக் கலப்பும்

கோலாலம்பூரின் செராசிலும் பிரிக்பீல்ட்ஸிலும், அப்பால் கிள்ளானிலும், தமிழர் இல்லங்களில் விரும்பி உண்ணப்படுவனவற்றுள் ஒன்று பொன்னி அரிசி. தமிழகத்திலிருந்து வருவதாலும் காவிரியின் பெயரைத் தாங்கியிருப்பதாலும் அது சோழநாட்டில் தோன்றிய நெல்லென்றே பலரும் எண்ணுவர். உண்மை வேறு. மலாயாவில் தேர்ந்தெடுக்கப்பெற்ற மசூரி என்னும் நெல்லே பொன்னியின் மூலம். அந்த மசூரியோ, எளிதில் ஒன்றுசேராத இரு நெற்குலங்களை இணைக்க முயன்ற ஒரு பெருமுயற்சியில் தப்பிப் பிழைத்த பயிர்.

ஆசிய நெல்லில் இண்டிகா, ஜப்பானிகா என இரு பெருங்குலங்கள் உண்டு. முன்னது நம் போன்ற வெப்பநாட்டு நெல். பின்னது பெரும்பாலும் ஜப்பான், கொரியா முதலிய நாடுகளுக்குரியது. 1928-இல் ஜப்பானிய அறிஞர் கட்டோவும் உடனுழைத்தோரும் இப்பாகுபாட்டை நிறுவியபோது காட்டிய சான்றுகளுள் தலையாயது, இவ்விரண்டையும் கலந்தால் கதிர் பதராகிவிடும் என்பதே.

இது தெரிந்திருந்தும் கலக்கத் துணிந்தமைக்குக் காரணம் பசி. உலகப் போருக்குப் பின் ஆசியாவெங்கும் அரிசித் தட்டுப்பாடு. இண்டிகாப் பயிருக்கு உரமிட்டால் நெடிது வளர்ந்து சாய்ந்துவிடும். ஜப்பானிகா உரத்தை ஏற்று நிமிர்ந்து நின்று விளையும். எனவே 1950-களில் ஐக்கிய நாட்டு உணவு வேளாண்மை நிறுவனம், ஒரிசாவின் கட்டாக் நகரிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தை நடுவிடமாகக் கொண்டு இக்கலப்பு வேலையைத் தொடங்கியது. 1946-இல் தோன்றிய அந்நிலையத்தின் முதல் இயக்குநர், கோயம்புத்தூரில் நெல்லாராய்ச்சி செய்து புகழ்பெற்ற கே. இராமையா.

கட்டாக்கில் கலந்த வித்துகள் பல நாடுகளுக்கும் சென்றன. உழைப்பு பெரிது, பயன் சிறிது. பயிராளரிடம் சென்று சேர்ந்த நெல்வகைகள் நான்கே எனலாம்: மலாயாவுக்கு மலிஞ்சா, மசூரி, தமிழகத்துக்கு ஆடுதுறை 27, ஆஸ்திரேலியாவுக்குச் சிர்க்னா. ஆடுதுறை 27, ஜப்பானின் நோரின் 10-ஐயும் கோவையின் புகழ்பெற்ற ஜி.இ.பி. 24-ஐயும் பெற்றோராகக் கொண்டது. தஞ்சையின் குறுவைக்கு ஏற்றது. மசூரிக்குப் பெற்றோர் தைவானின் தைச்சுங் 65, மலாயாவின் மாயாங் எபோஸ். முதற்கலப்பை மீண்டும் மாயாங் எபோசுடனேயே சேர்த்தனர். அதனால் அயற்குலத்தின் பங்கு குறைந்தது. வடமலாயாவில் ஜப்பானிய வல்லுநர் துணையுடன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பெற்று, 1965-இல் மசூரி வெளிவந்தது. அது தமிழகத்தில் பொன்னியாயிற்று. அதிலிருந்து பிரித்தெடுத்த வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்டது.

கலப்பில் தோன்றும் கேடு பதர் ஒன்றே அன்று. பெற்றோர் இருவரும் செழிப்பாயிருக்க, பிள்ளைப்பயிர் குறுகி, வேரோடாமல், தூர் கட்டாமல் நலிவதும் உண்டு. பெரு நாட்டு 'ஜமைக்கா' நெல்லை ஜப்பானிகாவுடன் கலந்தபோது இந்நலிவைக் கண்டதாக அமெமியா, அகெமினே என்னும் இரு ஜப்பானியர் 1963-இல் அறிவித்தனர். சில கலப்புகளில் முதல் தலைமுறை நன்றாயிருந்து, அடுத்த தலைமுறைகளிலேயே நலிவு வெளிப்படும். இது உழவரை மட்டுமன்றி ஆராய்ச்சியாளரையும் ஏமாற்றும் வகை.

குறை எந்தப் பெற்றோரிடம்? இருவரிடமும் இல்லை என்பதே விடை. பிரிந்து வாழ்ந்த இரு குலங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு மரபணு மாறுகிறது. தன் குலத்துக்குள் அம்மாற்றம் தீங்கற்றது. இரண்டும் ஓருடலில் கூடும்போதுதான் கேடு. பேட்சன் 1909-இலேயே இதைச் சொன்னார். பின்னர் டாப்ஷான்ஸ்கியும் முல்லரும் விளக்கினர். நெல்லில் அந்த இரண்டு மரபணுக்களும் என்ன செய்கின்றன என்பது 2010-இல் ஜப்பானிய ஆய்வொன்றில் தெரிந்தது. கோஷிஹிகாரி என்னும் ஜப்பானிகாவில் நோய்க்கிருமியை அடையாளங்காணும் காவற்புரதங்களின் மரபணுத் தொகுதி ஒன்று உண்டு. ஹபடாகி என்னும் இண்டிகாவிலோ வேறொரு புரதம் சற்றே மாறியிருக்கிறது. இரண்டும் சேர்ந்த பயிரில் கிருமியே இல்லாதபோதும் எதிர்ப்பு வினை கிளம்புகிறது. வளரவேண்டிய பயிர் தன்னோடு தானே போரிட்டுத் தேய்கிறது. புதிதாய் வந்த காவற்காரன் வீட்டுக்காரனையே கள்வனென்று அடித்தால் எப்படியோ, அப்படி.

பதராகும் கேட்டுக்குக் காரணமான மரபணுக்கள் வேறு. அக்கேட்டைத் தவிர்க்க, இரு குலத்தோடும் இணங்கும் நெல்வகைகளை இக்கேஹாஷி 1980-களில் கண்டறிந்தார். அவை பதரைக் குறைக்கும், நலிவைப் போக்கா. ஆகவே இன்று இரு குலங்களைக் கலக்க முற்படுவோர் இரண்டையும் தனித்தனியே ஆராய வேண்டியிருக்கிறது. கட்டாக்கில் பணிபுரிந்தோர் நாற்று வளர்ந்து கதிர் முற்றும்வரை காத்திருந்து கண்ணால் கண்டதைக் கொண்டே கழித்தனர். இன்றோ பகைகொள்ளும் மரபணுக்கள் கூடியுள்ளனவா என்பதை இளநாற்றின் ஓர் இலைத்துண்டிலேயே பார்த்துவிடலாம்.