புகைபோக்கி இல்லாத ஊர்

மூடிக் கிடக்கும் மில்லைப் படம் எடுக்க வேண்டும் என்றால், கேமராக்காரர்கள் மும்பைக்குத்தான் ரயில் ஏறுகிறார்கள். 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். அதன்பிறகு பல மில்கள் மீளவே இல்லை. பரேல், லால்பாக் வட்டாரத்து இடிபாடுகளைப் பற்றிப் படங்களும் புத்தகங்களும் நிறைய வந்துவிட்டன. கோவையிலும் மில்கள் மூடின. ஆனால் அந்த அளவுக்குப் படங்கள் இல்லை. கோவைக்காரர்களுக்கு ரசனை போதாது என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு ஊர்க் கட்டடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே காரணம் பிடிபடும்.

மும்பை மில் நீராவியில் ஓடியது. பாய்லர் இருந்தது, வானத்தைத் தொடும் புகைபோக்கி இருந்தது. நிலம் விலை கூடிய தீவு என்பதால் மாடி மேல் மாடியாகக் கட்டினார்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் படம் கிடைக்கும். பீனிக்ஸ் மில் மால் ஆன பிறகும் அதன் புகைபோக்கி கடைகளுக்கு நடுவே நிற்கிறது. கொலாபாவின் முகேஷ் மில்லோ இந்திப் பட ஷூட்டிங்குக்கே பேர் போனது.

கோவையின் கதை வேறு. 1888-ல் வந்த ஸ்டேன்ஸ் மில், 1910-ல் வந்த லட்சுமி மில் போன்ற மூத்தவற்றை விட்டுவிடுங்கள். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கம் மில்கள் மளமளவென்று முளைத்தன. பெரும்பாலும் நூற்பாலைகள், மோட்டாரில் ஓடுபவை. அவற்றுக்குப் புகைபோக்கி தேவைப்படவில்லை. நிலமும் தாராளமாகக் கிடைத்ததால் தரையோடு தரையாகப் படுத்த ஒற்றைத் தள ஷெட்டுகள். வெளியிலிருந்து பார்த்தால் நீளமான காம்பவுண்டுச் சுவர், அதற்கு மேலே வேப்பமரம். லென்ஸ் எதைப் பிடித்துக்கொள்ளும்?

உள்ளே போக முடிந்தால் கதை மாறும். ரம்பப் பல் போல அடுக்கடுக்காக எழும் நார்த் லைட் கூரையில் கண்ணாடிகள் எல்லாம் வடக்கே பார்த்திருக்கும். நூலில் நிழல் விழாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. படம் எடுப்பவருக்கு ஸ்டூடியோ வெளிச்சம் சும்மா கிடைக்கிறது. ஒரு சங்கதி உண்டு. இந்தக் கூரை சீமையிலிருந்து வந்தது. கோவை 11 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை உச்சிச் சூரியனே வடக்கே நகர்ந்துவிடும். அந்த மாதங்களில் நண்பகலில் போனால் தரையில் பட்டை பட்டையாக வெயில் விழும். மிருதுவான வெளிச்சம் வேண்டுமென்றால் மார்கழிக்குக் காத்திருக்க வேண்டும்.

ஆனால் உள்ளே விடமாட்டார்கள். பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ், ஸ்டேன்ஸ் ஆகிய ஐந்தும் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கையில் இருப்பவை. 2020 மார்ச் பொதுமுடக்கத்தில் ஓட்டம் நின்றது. வேலை போனது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பாதிச் சம்பளத்தில் நாளை ஓட்டினார்கள், பிறகு அதற்கும் போராட்டம். மும்பையில் படத்துக்கு வாகாக இருந்தவை கதை முடிந்த மில்கள். இங்கே கேட்டில் இன்னும் தொழிற்சங்கக் கொடிக்கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. இதைப் போய் 'இடிபாடு' என்று தலைப்பிட்டுப் போட முடியாது; அது அங்கே வேலை பார்த்தவரின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாத வார்த்தை.

கணபதிப் பக்கம் வந்தால் இடிபாட்டுக்கு நேரமே கிடையாது. மில்களுக்கு இயந்திரம் செய்து கொடுத்த டெக்ஸ்டூல் கம்பெனி இருந்த பகுதி இது. பாலத்துக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் இன்றும் அந்தப் பெயர்தான். சுற்றிலும் லேத் பட்டறை, ஃபவுண்டரி, ஜாப் ஒர்க் ஷெட். ஒரு பட்டறை நின்றால் முதலில் மெஷின் போகும், அடுத்து பழைய இரும்புக்காரர் வருவார், கூரை ஷீட்டும் ஆங்கிளும் எடைக்குப் போகும். நாம் கேமராவைத் துடைத்து எடுத்துக்கொண்டு போவதற்குள் அங்கே குடோன் வந்திருக்கும், இல்லாவிட்டால் கல்யாண மண்டபம். "இதுல என்னங்க இருக்குது போட்டோ புடிக்க?" என்று வாட்ச்மேன் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆக, கோவையில் படத்துக்கு மிஞ்சுவது சுவர். இதிலும் இரண்டு ஊரும் ஒன்றல்ல. 2009-ல் மும்பை மாநகராட்சி துளசி பைப் ரோட்டின் ரயில்வே சுவரை வரைய விரும்பியவர்களுக்குத் திறந்துவிட்டது. ஆளாளுக்குத் தோன்றியதை வரைந்தார்கள். நம் உக்கடத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு பிரமாண்ட ஓவியங்களைத் தீட்டியிருக்கிறது. அவை அழகுதான். ஆனால் அவற்றைப் படம் எடுத்தால் ஓவியரின் வேலையைத்தான் நகல் எடுக்கிறோம். எனக்கு மில் காம்பவுண்டுச் சுவர்தான் உசத்தி. நூற்றுக்கணக்கான அடி நீளம், மெயின் ரோட்டுப் பார்வை, கட்சிக்காரர்கள் விடுவார்களா? வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரும் ஆண்டும் போட்டு, 'ஆல் சைடு' என்று முன்பதிவு. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1959-லேயே வந்துவிட்டது. சுவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஒரு மழைக்குச் சுண்ணாம்பு கரைந்தால் உதயசூரியனுக்கு அடியில் இரட்டை இலை தெரியும், அதற்கும் அடியில் அரிவாள் சுத்தியல். அதன்மேல், 1946-ல் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் மில் தொழிலாளர்கள் நால்வரின் நினைவு நாளான ஜனவரி 8-க்கு ஒட்டிய போஸ்டர் பாதி கிழிந்து தொங்கும்.

ஜெர்மனியின் பெர்ண்ட், ஹில்லா பெக்கர் தம்பதியர் 1959 முதல் தொழிற்கூடங்களை மேகமூட்டமான நாளில், நேர் எதிரே நின்று, ஆளே இல்லாமல் எடுத்தார்கள். மும்பைப் புகைபோக்கிக்கு அந்த முறை பொருந்தும். கணபதிக்குப் பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமை போனால் ஷட்டர்மேல் 'கியர் கட்டிங்', 'வயர் கட்' என்று பெயிண்டர் எழுதிய எழுத்துகள் முழுசாகக் கிடைக்கும், தெருவும் காலியாக இருக்கும். நான் செவ்வாய்க்கிழமை போகச் சொல்வேன். ஷட்டர் மேலே சுருண்டிருப்பதால் எழுத்து தெரியாது, லேத்தில் நிற்பவர் தெரிவார்; மில்லில் வேலை நின்ற பிறகு பட்டறைக்கு வந்தவராகவும் இருக்கலாம், கேட்டுவிட்டு எடுங்கள்.