தனியார் படகு வானொலி உரிமம் (ஐக்கிய அமெரிக்கா)

உல்லாசப் படகு, பாய்மரப் படகு போன்ற தனியார் படகுகளில் கடல்சார் ரேடியோவை இயக்க அமெரிக்க அரசு வழங்கும் அனுமதி. இதன் முறையான பெயர் கப்பல் நிலைய உரிமம். பத்தடிப் படகானாலும் இந்த விதிகளின் கண்ணில் அது கப்பல்தான். வழங்கும் அமைப்பு ஃபெடரல் கம்யூனிகேஷன்ஸ் கமிஷன் எனும் எஃப்.சி.சி. 1996 வரை ரேடியோ பொருத்திய ஒவ்வொரு படகுக்கும் இது கட்டாயமாக இருந்தது. இன்று உள்நாட்டு நீர்ப்பரப்பைத் தாண்டாத பெரும்பாலான சொந்தப் படகுகளுக்குத் தேவையில்லை.

தோற்றம்

கம்பியில்லாத் தந்தி கப்பலேறிய தொடக்க ஆண்டுகளில் அமெரிக்காவில் யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கடலில் கோலோச்சியது மார்க்கோனி நிறுவனம். அது கருவியோடு அதை இயக்கும் ஆளையும் சேர்த்தே கப்பலுக்கு அனுப்பியது. போட்டி நிறுவனத்தின் கருவியிலிருந்து வரும் செய்திக்குப் பதில் சொல்லக் கூடாது என்பது அந்த ஆட்களுக்கு இடப்பட்ட கட்டளை. 1902இல் ஜெர்மானியப் பேரரசரின் தம்பி ஹென்ரிச், அமெரிக்கப் பயணம் முடிந்து 'டாய்ச்லாண்ட்' கப்பலில் ஊர் திரும்பும்போது, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு நன்றிச் செய்தி அனுப்ப முயன்றார். கப்பலில் இருந்தது ஜெர்மானியக் கருவி என்பதால் கரையிலிருந்த மார்க்கோனி நிலையம் செய்தியை ஏற்க மறுத்துவிட்டது. உரிம முறைக்கு வித்திட்டது இந்தப் பிடிவாதமே.

ஜெர்மனி 1903இல் பெர்லினில் நாடுகளைக் கூட்டியது. 1906இல் அதே நகரில் பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. எந்த நிறுவனத்தின் கருவியானாலும் கப்பலும் கரையும் தம்முள் பேசியாக வேண்டும், தன் நாட்டு அரசின் உரிமமின்றி எந்தக் கப்பல் நிலையமும் இயங்கக் கூடாது என்ற இரண்டும் அதில் எழுதப்பட்டன. அமெரிக்கா கையெழுத்திட்டதோடு சரி. செனட் ஒப்புதல் தர 1912 ஏப்ரல் ஆயிற்று. இடையில் 1910இல் வந்த சட்டம் 50 அல்லது அதற்கு மேற்பட்டோரை ஏற்றும் கடற்கப்பல்கள் கருவி வைத்திருக்க வேண்டும் என்றதே தவிர, உரிமம் பற்றி எதுவும் சொல்லவில்லை. செனட் ஒப்புதல் தந்த சில நாட்களில் டைட்டானிக் மூழ்கியது. அந்த அதிர்ச்சியில் 1912 ஆகஸ்ட் 13 அன்று ரேடியோ சட்டம் பிறந்தது. வணிகம் மற்றும் தொழிலாளர் துறைச் செயலரிடம் உரிமம் பெறாமல் அலை வீசுவது அச்சட்டப்படி குற்றம். செல்வந்தர்களின் யாட்டுகளும் இதற்குள் வந்தன.

உரிமத்தோடு வந்த, நிலையத்தை அடையாளம் காட்டும் அழைப்புக்குறியின் விநியோகத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கரை நிலையங்களுக்கு மேற்கில் கே, கிழக்கில் டபிள்யூ என முதலெழுத்து கொடுத்தவர்கள், கப்பல்களுக்கு அதைத் தலைகீழாக்கினார்கள்: அட்லாண்டிக்கில் கே, பசிபிக்கில் டபிள்யூ. இன்றும் சொந்தப் படகுக்கு உரிமம் வாங்கினால் பெரும்பாலும் டபிள்யூ.டி. என்று தொடங்கும் குறிதான் கிடைக்கிறது.

வணிகத் துறைச் செயலருக்கு உரிமத்தை மறுக்கும் அதிகாரம் இல்லை என்று 1920களில் நீதிமன்றங்கள் சொல்லிவிட, வானலையில் கூச்சல் மிகுந்தது. 1927 சட்டம் ஒரு தனி ஆணையத்தையும், 1934 சட்டம் எஃப்.சி.சி.யையும் நிறுவின. சிறு படகுகள் நெடுங்காலம் 2 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் பழைய ஏ.எம். கருவியோடு காலம் தள்ளின. இரைச்சலும் நெரிசலும் தாங்காமல் எஃப்.சி.சி. 1972 முதல் அவ்வகைக் கருவிக்குப் புது உரிமத்தை நிறுத்தி, 1977இல் அதை அடியோடு தடைசெய்தது. குறுந்தொலைவு வி.எச்.எஃப். ரேடியோ படகுதோறும் ஏறியது இதனால்தான்.

கட்டணம்

முதல் அரை நூற்றாண்டு உரிமம் இலவசம். 1964 மார்ச்சில்தான் எஃப்.சி.சி. விண்ணப்பத்துக்குக் காசு கேட்டது. 1970இல் பல கட்டணங்கள் கடுமையாக ஏறின. கேபிள் டி.வி. நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம், செலுத்துபவர் பெறும் பயனுக்கு மேல் வாங்குவது கட்டணமல்ல, வரி; வரி போடும் வேலை நாடாளுமன்றத்துடையது என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. படகுக்காரர்கள் வாய் திறக்காமலே இதில் பலனடைந்தனர்: 1977 ஜனவரி 1 முதல் எல்லாக் கட்டணங்களும் நிறுத்தி வைக்கப்பட்டன. பட்ஜெட் பற்றாக்குறை அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. விண்ணப்பக் கட்டணத்தை மீட்ட சட்டத்தின்படி 1987இல் வசூல் தொடங்கியது. 1993இல் 'ஒழுங்குமுறைக் கட்டணம்' என்று இன்னொன்று மேலே ஏறியது. பிந்தையதை உரிமக் காலம் முழுவதற்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பதால், சாதாரண வி.எச்.எஃப். ரேடியோ ஒன்று வைத்திருந்தவருக்கு அது தண்டனை போலவே இருந்தது.

1996க்குப் பின்

1996 பிப்ரவரியில் கையெழுத்தான தொலைத்தொடர்புச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு, அதே ஆண்டு எஃப்.சி.சி. உள்நாட்டுச் சொந்தப் படகுகளை உரிமத்திலிருந்து விடுவித்தது. வி.எச்.எஃப்., ராடார், ஆபத்துக்கால பீக்கன் ஆகியவற்றுக்குத் தனி உரிமம் வேண்டாம். படகின் பெயரையோ மாநிலப் பதிவெண்ணையோ சொல்லிப் பேசலாம். பஹாமாஸ் போன்ற வெளிநாட்டுத் துறைமுகத்துக்குப் போகிறவருக்கும், எஸ்.எஸ்.பி. எனும் நெடுந்தொலைவு ரேடியோ வைத்திருப்பவருக்கும், 20 மீட்டர் அல்லது அதற்கு மேல் நீளமுள்ள விசைப்படகுக்கும் பத்தாண்டு உரிமம் இன்றும் வேண்டும். வெளிநாடு போகிறவர் தேர்வில்லாத, ஆயுள் முழுதும் செல்லும் இயக்குநர் அனுமதியும் பெற வேண்டும். 2022 முதல் விண்ணப்பக் கட்டணம் 35 டாலர். உரிமத்துக்கு ஒழுங்குமுறைக் கட்டணம் தனி.

உரிமம் விலகினாலும் விதிகள் விலகவில்லை. ரேடியோ திறந்திருந்தால் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனலைக் கவனிக்க வேண்டும். பொய்யான ஆபத்து அழைப்புக்கு 6 ஆண்டு வரை சிறை. கைக்கருவியைப் படகிலிருந்து இறங்கிக் கரையில் நின்று பயன்படுத்தினால் அது சட்டமீறல்.

படகின் ரேடியோவை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண்ணை, உரிமமில்லாதவர்களுக்குப் போட்யூ.எஸ். எனும் படகு உரிமையாளர் சங்கம் போன்ற அமைப்புகள் வழங்குகின்றன. 338 என்று தொடங்கும் அந்த எண் பன்னாட்டுப் பதிவேட்டில் ஏறாது. பின்னாளில் வெளிநாடு செல்ல எஃப்.சி.சி.யிடம் உரிமம் வாங்கினால் வேறு எண் வரும். பெரும்பாலான ரேடியோக்கள் ஓரிரு முறைக்கு மேல் எண்ணைப் பதிக்க விடாது என்பதால், கருவியைத் தயாரிப்பாளருக்கே அனுப்பித்தான் மாற்ற வேண்டியிருக்கும். முன்னவரின் எண் பதிந்த ரேடியோவோடு பழைய படகு வாங்குபவருக்கும் இதே அலைச்சல்தான்; உரிமமும் படகோடு கைமாறாது.