புரத விலக்கும் குருதிச் சுத்திகரிப்பும்

சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு இறைச்சி, மீன், முட்டை ஆகா என்பது மருத்துவத்தில் நெடுங்காலம் நிலவிய விதி. புரதம் உடலிற் சிதைவுறும்போது யூரியா உண்டாகின்றது; அதனை வெளியேற்றும் உறுப்பே செயலிழந்தபின் வரவைக் குறைப்பதன்றி வேறு வழி இருக்கவில்லை. விதி பிழையன்று. அது தோன்றிய சூழல் மாறிய பின்னரும் விதி நிலைத்து நின்றமையே ஆராயத்தக்கது.

1943 இல், செருமானியரின் ஆக்கிரமிப்பிலிருந்த ஒல்லாந்தின் காம்பென் நகரில், வில்லெம் கொல்ஃப் என்னும் மருத்துவர் செலபேன் குழாயை உருளையொன்றிற் சுற்றிச் செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கினார். பலர் இறந்தபின், 1945 இலேயே 67 வயதுப் பெண் ஒருவர் அதனாற் பிழைத்தார். அதே நாட்டில், அம்ஸ்ரடாமின் பேராசிரியர் போர்ஸ்ற் இப்பொறியை ஏற்கவில்லை. வெண்ணெயும் சீனியும் கொண்ட புரதமற்ற உணவையே அவர் நம்பினார். 1948 இல் அதன் பயனை வெளியிட்டார். இன்று அதனை எள்ளி நகையாடுதல் எளிது. ஆயினும், திடீரெனச் செயலிழந்த சிறுநீரகம் தானாக மீளும்வரை நோயாளியைக் காத்துக்கொள்ள அவ்வுணவு பலருக்குப் போதுமாயிருந்தது. மீளாத சிறுநீரகத்துக்கோ அது விடையாகவில்லை.

1960 இல் சியாற்றில் நகரிலே ஸ்கிறிப்னர், நாடியையும் நாளத்தையும் தெவ்லோன் குழாயால் நிலையாக இணைத்து, ஒருவருக்கே மீண்டும் மீண்டும் குருதியைச் சுத்திகரிக்க வழிகண்டார். பொறிகள் மிகச் சில. யாருக்கு இடமளிப்பது என்பதை 1962 முதல் அந்நகரில் ஒரு குழுவே தீர்மானித்தது. இடம் கிடையாதோர்க்குப் புகலிடமாயது உணவுமுறையே. 1963 இல் ஜியோர்டானோவும் 1964 இல் ஜியோவன்னெற்றி, மஜ்ஜோரே ஆகியோரும் இத்தாலியில் வகுத்த குறைபுரத உணவு, இன்றியமையா அமினோவமிலங்களை மட்டும் காத்து மற்றைய புரதத்தைச் சுருக்கியது. பொறியின் நேரம் அருமையாயிருந்த அக்காலத்தில், சுத்திகரிப்புப் பெற்றோரையும் இத்தகைய கட்டுப்பாடு தொடர்ந்தது.

ஆனால் பொறியின் மென்சவ்வு நல்லதையும் தீயதையும் பிரித்தறியாது. யூரியாவோடு அமினோவமிலங்களும் ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 6 முதல் 12 கிராம்வரை வெளியேறுகின்றன; ஒரு முட்டையின் புரதமோ ஏறத்தாழ 6 கிராம். வயிற்றறை வழியான சுத்திகரிப்பில் அல்புமின் என்னும் புரதமே கசிந்துவிடுகின்றது. 1990 இல் லோறியும் லியூவும் அமெரிக்க நோயாளிகள் 12,000 பேருக்கு மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்தபோது, குருதியில் அல்புமின் குறைந்தோரே மிகுதியாக இறந்தமை தெரிந்தது. யூரியா மிகக் குறைந்திருத்தலும் நற்குறியாக இருக்கவில்லை. உண்ணாதவரிடமும் யூரியா குறைவுதானே!

2000 இல் வெளியான அமெரிக்க வழிகாட்டி, சுத்திகரிப்புப் பெறுவோர்க்கு உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 1.2 கிராம் புரதம் விதித்தது. 2020 இன் திருத்தம் இதனை 1.0 முதல் 1.2 கிராம்வரை என்றது. நீரிழிவற்று, இன்னும் பொறியை அடையாதோர்க்கு 0.55 முதல் 0.60 கிராமே. 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவர், 36 கிராமுக்கு மேல் உண்ணாதிருக்கப் பழகியபின், 60 கிராமுக்குக் குறையாது உண்ணப் பணிக்கப்படுகிறார். வீட்டாரோ பழைய அச்சத்தாற் கறியை ஒதுக்கியே பரிமாறுவர். அச்சம் முற்றிலும் வீணன்று. புரதத்தோடு பொசுபரசும் வருகின்றது, அதனைப் பொறி போதியளவு அகற்றுவதில்லை. மஞ்சட்கரு நீக்கிய முட்டையை வைத்தியர்கள் விரும்பிப் பரிந்துரைப்பது இதனாலேயே.