எட்டு எம்.எம். கே.எஃப்.

உத்தரப் பிரதேசத்துக் கொலை வழக்குகளின் தீர்ப்புகளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். சம்பவ இடத்தில் ஒரு வெற்றுத் தோட்டா கிடைத்தது, அதன் அடிப்பாகத்தில் ‘8 எம்.எம். கே.எஃப்.’ என்று பொறித்திருந்தது. சுட்டவன் யார், செத்தவன் யார் என்பதெல்லாம் வழக்குக்கு வழக்கு வேறு. அந்த எழுத்துகள் மட்டும் மாறுவதில்லை.

‘கே’ என்பது கிர்க்கி. ‘எஃப்’ என்பது ஃபேக்டரி. புனே நகரத்தின் வடமேற்கில், முளா ஆற்றை ஒட்டியிருக்கும் கட்கி என்ற கன்டோன்மென்ட் ஊர் வெள்ளைக்காரர் வாயில் கிர்க்கி ஆனது. 1817 நவம்பர் 5 அன்று பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படை ஆங்கிலேயரிடம் தோற்றது இங்கேதான். அரை நூற்றாண்டு கழித்து, 1869-இல், வென்றவர்கள் அதே ஊரில் தோட்டாத் தொழிற்சாலை வைத்தார்கள். இன்றும் அது ஓடுகிறது. 2021 அக்டோபரில் மத்திய அரசு படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது, புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டின் கீழ் வந்தது. ராணுவத்துக்கான சரக்குதான் அதன் முதல் வேலை. ஓரமாக, லைசென்ஸ் வைத்திருக்கும் பொதுமக்களுக்கும் தோட்டா செய்கிறது. அவற்றில் ஒன்று பன்னிரண்டு போர் துப்பாக்கிக்கான ‘சக்திமான்’. இன்னொன்று ரைஃபிளுக்கான .315. அந்த இரண்டாவதைத்தான் நீதிமன்றங்கள் எட்டு எம்.எம். என்கின்றன.

.315 இந்தியாவில் பிறந்ததல்ல, இந்தியாவுக்காகத் தத்தெடுக்கப்பட்டது. அதன் மூதாதை ஆஸ்திரியப் படைகளின் மான்லிகர் ரைஃபிளுக்காக 1890 வாக்கில் வந்த எட்டு மில்லிமீட்டர் தோட்டா. முதல் உலகப் போரில் ஆஸ்திரிய – ஹங்கேரியச் சிப்பாய்கள் சுட்டது அதைத்தான். வியன்னாவின் சரக்கு கங்கைக்கரைக்கு வந்ததற்குக் காரணம், ஒரு பயம். 1857-ஐ மறக்காத அரசு 1878-இல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது. பின்னாளில், தன் சிப்பாய் வைத்திருக்கும் .303 ரைஃபிளில் செல்லக்கூடிய தோட்டா எந்தக் குடிமகன் வீட்டிலும் இருக்கக் கூடாது என்றது. இருந்தால் ஒருநாள் அது திருட்டு ரைஃபிளுக்குள் போகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே பயத்தில் .450 அளவுக்கும் தடை வந்தது. லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சளைக்கவில்லை. .465, .470, .475 என்று கொஞ்சம் கொஞ்சம் தள்ளி, தடையில் சிக்காத அளவுகளைச் செய்து மகாராஜாக்களுக்கு விற்றன. யானை, காட்டெருமை வேட்டைக்கான அந்தப் பெரிய தோட்டாக்களின் வரிசையே ஒரு அரசாணைக்குப் பயந்து பிறந்தது.

மகாராஜா அல்லாதவனுக்கு? அவனுக்குத்தான் .315. பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. கம்பெனி இந்த அளவில் ரைஃபிள் செய்து அனுப்பியது. விடுதலைக்குப் பிறகு வங்காளத்து ஈசாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை அந்த வேலையை எடுத்துக்கொண்டது. வெள்ளைக்காரன் போன பிறகும் ராணுவ அளவு பொதுமக்களுக்குக் கூடாது என்ற விதி போகவில்லை. ஆகவே .315-உம் போகவில்லை. பிறந்த நாட்டில் அந்தத் தோட்டாவுக்கு வேலை முடிந்து வெகுகாலமாகிறது. கட்கியில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

எடுத்துப் பார்த்தால் எளிய சாமான்தான். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. முதலில் சின்னக் கிண்ணமாக வெட்டி, இழுத்து நீட்டி, காய்ச்சி, மறுபடி இழுத்து, குழலாக்க வேண்டும். இப்படிப்பட்ட கிண்ணங்களுக்குப் பேர்போனது மும்பைக்கு அருகிலுள்ள அம்பர்நாத் படைக்கலத் தொழிற்சாலை. உள்ளே போகும் புகையில்லா மருந்து என்ற இனத்துக்கு நம் பக்கத்திலும் ஒரு வீடு உண்டு. ஊட்டி மலை ரயிலில் குன்னூர் தாண்டி வரும் அருவங்காடு. மலைக்காற்று வாங்கப் போகிறவர்கள் அந்த ஸ்டேஷன் பலகையைப் படித்துவிட்டுக் கேமராவை வெளியே நீட்டுவார்கள். மரங்களுக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேலாகப் பஞ்சை அமிலத்தில் ஊறவைத்து வெடிமருந்தாக்கிக்கொண்டிருக்கிறது கார்டைட் ஃபேக்டரி. 2021-க்குப் பிறகு கட்கியும் அருவங்காடும் ஒரே கம்பெனி.

.315-இன் தலையில் உட்காரும் குண்டு 244 கிரெய்ன், ஏறத்தாழ 16 கிராம். செம்பு உறை நுனிவரை போகாது. நுனியில் ஈயம் வெளியே தெரியும். உடலில் பட்டதும் அந்த ஈயம் நசுங்கி, காளானைப் போல விரியும். இந்த யோசனைக்கும் நம் நாட்டில் ஒரு பிறந்த வீடு உண்டு. 1895-இல் சித்ரால் போரில், முழு உறை போட்ட .303 குண்டு எதிரியின் உடலில் ஊசிபோல நுழைந்து வெளியே போய்விடுகிறது, ஆள் விழாமல் ஓடி வருகிறான் என்று சிப்பாய்கள் குறைப்பட்டார்கள். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் தொழிற்சாலையின் பொறுப்பாளர் கேப்டன் பெர்ட்டி-கிளே நுனி உறையை நீக்கினார். உலக அகராதிகளில் டம்டம் என்ற சொல் ஏறியது. 1899-இல் ஹேக் மாநாடு போரில் அதைத் தடைசெய்தது. வேட்டையிலோ கதை தலைகீழ். விரியாத குண்டு பட்ட விலங்கு காயத்தோடு காட்டுக்குள் ஓடி நாள்கணக்கில் துடிக்கும். மனிதனுக்குக் கொடுமை என்று விலக்கிய குண்டு விலங்குக்குக் கருணையானது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, ஆனாலும் சிரிப்பு வருகிறது.

இனி அந்தப் பழைய சண்டை. ரைஃபிளா, பன்னிரண்டு போர் இரட்டைக்குழலா? எந்தத் தோட்டா விலங்கை ‘நிறுத்தும்’? துப்பாக்கி வைத்திருக்கும் நாலு பேர் கூடினால் ‘ஸ்டாப்பிங் பவர்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். கணக்குப் போடுவோம். .315 குண்டு குழலை விட்டு வரும்போது நொடிக்குச் சுமார் 600 மீட்டர் வேகம். ஆற்றல் 2,900 ஜூல் அளவில். பன்னிரண்டு போரில் 32 கிராம் ஈயம் நொடிக்கு 380 மீட்டரில் கிளம்பினால் 2,300 ஜூல். பெரிய வித்தியாசம் இல்லை. தள்ளும் விசையைப் பார்த்தால், அதாவது எடையை வேகத்தால் பெருக்கினால், பன்னிரண்டு போர் கொஞ்சம் மேல்கூட. ஆனால் இதே கணக்கில் 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தையும் போட்டுப் பாருங்கள். ரைஃபிள் குண்டின் தள்ளுவிசையில் மூன்றில் இரண்டு பங்கு வரும். பந்து பட்ட பேட்ஸ்மேன் ஸ்டம்புக்குப் பின்னால் பறந்து விழுவதில்லையே. சினிமாவில் குண்டடி பட்டவன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பின்னால் போவது ஸ்டன்ட் மாஸ்டரின் கயிறு செய்யும் வேலை.

ஆக, குண்டு யாரையும் தள்ளி நிறுத்துவதில்லை. ஓட்டை எங்கே விழுந்தது, எவ்வளவு ஆழம் என்பதுதான் எல்லாம். மூளையிலோ தண்டுவடத்திலோ பட்டால் விலங்கு நின்ற இடத்தில் விழும். இதயத்தில் பட்ட மான்கூட மூளையில் மிச்சமிருக்கும் ரத்தத்தில் நூறு கஜம் ஓடிவிடும். இங்கேதான் இரண்டும் பிரிகின்றன. ரைஃபிள் குழலுக்குள் திருகுப் புரி வெட்டியிருக்கும். நீளமான ஒற்றைக் குண்டு பம்பரம்போலச் சுழன்று நேராகப் போகும். இருநூறு கஜத்திலும் அதற்குக் கண் உண்டு. பன்னிரண்டு போரின் குழல் வழவழப்பு. (ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாக்கினால் ஒரு உருண்டை எவ்வளவு தடிமனோ அதுவே குழலின் அகலம். பெயர் வந்தது அப்படித்தான்.) அதன் தோட்டாவில் இருப்பது பல உருண்டைகள். பழைய பிரிட்டிஷ் அளவில் எஸ்.ஜி. என்றால் அவுன்சுக்கு எட்டு, எல்.ஜி. என்றால் ஆறு. மொத்த ஆற்றலை இவை பங்கு போட்டுக்கொள்கின்றன. கஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்பது தோராயக் கணக்கு. பத்து கஜத்தில் எல்லா உருண்டையும் ஒரு சாண் வட்டத்துக்குள் விழும். அந்தத் தூரத்தில் இரட்டைக்குழலுக்கு ஈடு குறைவு. நாற்பது கஜத்தில் ஒரு கிடா காட்டுப்பன்றி மேல் ஒன்றோ இரண்டோ படும். அதன் தோள்பட்டையில் குருத்தெலும்புபோல இறுகிய தடித்த தோல் உண்டு. அதில் மாட்டி நிற்கும். அப்புறம் பன்றியின் முறை.

ஜிம் கார்பெட் 1907-இல் சம்பாவத் புலியைச் சுட்டபோது இந்தப் பாடத்தை நேரில் கற்றார். அவருடைய .500 ரைஃபிளுக்கு இருந்த மூன்று தோட்டாக்களும் தீர்ந்துவிட்டன. புலி காயத்தோடு எதிரே நிற்கிறது. கூட வந்திருந்த தாசில்தாரின் ஓட்டைத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஓடி, ஏறத்தாழ இருபதடியில் அதன் வாயைக் குறிவைத்துச் சுட்டார். குண்டு வாயில் படவில்லை. முன்னங்காலில் பட்டது. பிறகு அதை நகத்தால் நோண்டி எடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஏற்கெனவே ரைஃபிள் குண்டுகள் தம் வேலையை முடித்திருந்ததால் கார்பெட் பிழைத்தார், நமக்குப் புத்தகங்கள் கிடைத்தன. ஓசூர், தருமபுரிக் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்சன் கடைசிவரை .405 வின்செஸ்டர் ரைஃபிளை விடவில்லை.

சண்டைக்குத் தீர்ப்பு சொன்னது ரைஃபிளும் இல்லை, இரட்டைக்குழலும் இல்லை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை முடிந்தது. கட்கி மட்டும் .315-ஐ நிறுத்தவில்லை. வேட்டைத் தோட்டா தற்காப்புத் தோட்டாவாகப் பெயர் மாறியது. வங்கிக் காவலாளி, பண்ணைக்காரர், ஊர்ப் பெரியவர், கல்யாண ஊர்வலத்தில் வானத்தைச் சுடுகிறவர் என்று வாங்க ஆள் இருந்தது. பீகார், உத்தரப் பிரதேசப் பக்கம் திருட்டுப் பட்டறையில் ‘கட்டா’ என்ற நாட்டுக் கைத்துப்பாக்கி செய்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு அளவில் செய்கிறார்கள்: பன்னிரண்டு போர், .315. கடையில் எந்தத் தோட்டா கிடைக்குமோ அதற்குத்தானே துப்பாக்கி. வெள்ளைக்காரன் எதற்குப் பயந்து இந்த அளவைக் கொடுத்தானோ, அதுவே வேறு வழியில் நடந்தது. தீர்ப்புகளில் வரும் கே.எஃப். இப்படி வந்ததுதான்.

வேட்டை முடிந்தது, பன்றி முடியவில்லை. தமிழ்நாட்டில் காட்டுப்பன்றி நிலக்கடலையைத் தோண்டுகிறது. 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது: காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம். சுடுவது விவசாயி அல்ல, வனத்துறை. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர் அனுமதியோடு லைசென்ஸ் உள்ளவரே சுடலாம். எல்லைக்கு இந்தப் பக்கம் லைசென்ஸ் உள்ளவருடைய துப்பாக்கி பீரோவில் கிடக்கும், தோட்டாப் பெட்டி அதன் கீழே. தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கவேண்டும், முடிந்ததும் போய்த் திரும்பி வாங்கவேண்டும். உள்ளாட்சி, சட்டமன்றம், நாடாளுமன்றம் என்று இந்த நடை ஓயாது. வாங்கிய அன்றைக்குப் பொன்போல இருந்த பித்தளையில் இப்போது பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. துணியால் துடைத்தால் ‘கே.எஃப்.’ என்பதைப் படிக்க முடியும்.